ஐந்து சென்டில் ஒரு விளை

நாகர்கோவிலுக்குள்ளும் அதைச் சுற்றியும் உள்ள இடங்களின் பெயர்களைக் கொஞ்சம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பெருவிளை, வாத்தியார்விளை, கட்டையன்விளை, வலம்புரிவிளை. 'விளை' என்றால் என்ன என்று கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற மாவட்ட வாசகர்களுக்காக ஒரு வரி: வயலும் இல்லாமல், தனித் தோட்டமும் இல்லாமல், வீடு நிற்கிற மேட்டு நிலம்தான் விளை. மேலே தென்னை, பலா, புளி. அதன் கீழே வாழை, முருங்கை. அதற்கும் கீழே மரச்சீனி, சேனை, காய்ச்சில், சேம்பு. பலா மூட்டில் நல்லமிளகுக் கொடி. கிணற்றடியில் கறிவேப்பிலை. அடுக்களைக் கழிவுத் தண்ணீர் போகிற வழியில் ஒரு வாழைக் கூட்டம். சந்தைக்குப் போனால் உப்பும் துணியும் மீனும் வாங்கிவந்தால் போதும் என்ற நிலைமை அன்று பல வீடுகளில் இருந்தது.

இன்று பெயரில் மட்டும்தான் விளை இருக்கிறது. வலம்புரிவிளையின் பெயரைச் சொன்னால் நகரத்துக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது மாநகராட்சியின் குப்பைக் கிடங்குதான். உரமாக வேண்டிய மக்கும் குப்பை, பெயரிலேயே விளையைச் சுமந்த ஓர் இடத்தில் பிளாஸ்டிக்கோடு கலந்து மலையாகக் கிடந்து தீப்பிடித்துப் புகைந்த கதை நமக்குத் தெரியும்.

இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களில் பலர் வயல் வைத்திருப்பவர்கள். 'நகரத்து வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டியதை எங்களிடம் ஏன் சொல்கிறீர்' என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. உங்கள் பிள்ளைகள்தான் பார்வதிபுரத்திலும் ஆசாரிபள்ளத்திலும் 5 சென்ட் வாங்கி வீடு வைக்கிறார்கள். நாற்று எடுத்துக் கொடுக்கவும், குழி எங்கே தோண்டுவது என்று சொல்லவும் தெரிந்தவர் அந்தக் குடும்பத்தில் நீங்கள் ஒருவர்தான். வீட்டுக்கு அஸ்திவாரம் போடுமுன் உங்கள் சொல் அங்கே போய்ச் சேரவேண்டும். பிறகு சொன்னால் முற்றம் முழுக்கச் சிமெண்ட் கல் பதித்திருப்பார்கள்.

முதலில் அரிசிக் கணக்கு

தற்சார்பு என்று பேச ஆரம்பித்தால் சிலர் எல்லாவற்றையும் மாடியிலேயே விளைவித்துவிடலாம் என்கிறார்கள். அது நடக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு மாதம் 30 கிலோ அரிசி என்று வைத்தால் ஆண்டுக்கு 360 கிலோ. நெல்லாகச் சொன்னால் ஏறக்குறைய 550 கிலோ. ஏக்கருக்கு ஒரு பூவில் 2 டன் நெல் என்று வைத்துக்கொள்வோம். கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டும் எடுக்கிற நாஞ்சில் நாட்டு வயலில் அந்தக் குடும்பத்துக்கு 14 சென்ட் வேண்டும். ஒரு பூ மட்டும் என்றால் 28 சென்ட். எந்த மாடியிலும் இதற்கு இடம் கிடையாது.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால்தான் விஷயம் உறைக்கும். ஒரு ஏக்கர் இருபூ வயல் 7 குடும்பங்களுக்கு அரிசி கொடுக்கிறது. அதை மண்ணடித்து மனையாக்கினால், சாலைக்கு விட்டதுபோக 5 சென்ட் வீதம் 15 வீடு வரும். 7 குடும்பத்தின் அரிசி போனது. வந்து குடியேறிய 15 குடும்பத்துக்கும் வேறெங்கோ 2 ஏக்கர் வயல் விளைந்தாக வேண்டும். பேச்சிப்பாறை அணை 1906-இல் கட்டி முடிக்கப்பட்டு, கோதையாற்றுத் தண்ணீர் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வயல்களுக்கு வந்தது. நூறு ஆண்டுக்கு மேலாக அந்தத் தண்ணீர் பாய்ந்த கால்வாய்களில் சில இன்று வீட்டுமனைகளுக்கு நடுவே சாக்கடையாக ஓடுகின்றன. சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியத் தடை போட்ட பிறகு வேகம் சற்றுக் குறைந்தது, நின்றுவிடவில்லை.

எனவே நகரத்து வீட்டின் தற்சார்பில் முதல் பாதி என்பது வயலை வயலாக விட்டுவைப்பது. பிள்ளைக்கு மனை வாங்கும்போது நீர்பிடி நிலத்தை விட்டு மேட்டு நிலமாகப் பாருங்கள். விலை கூடுதல்தான். ஆனால் வயலை நிரப்பிய மனையில் வீட்டுத்தோட்டம் வராது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். மேலே இரண்டு மூன்று அடிக்குச் சரளும் கட்டட இடிபாடும். அடியில் தண்ணீர் வடியாத களி. அதில் வைத்த கன்று இரண்டாம் ஆண்டில் வேர் அழுகி நிற்கும். ஏற்கெனவே அப்படிப்பட்ட மனையை வாங்கிவிட்டவர்கள், 3 அடிக்கு 3 அடி குழி தோண்டிச் சரளை முழுவதும் அப்புறப்படுத்தி, நல்ல செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்து, தரை மட்டத்துக்கு ஓர் அடி உயரமாக மேடு கட்டி நடவேண்டும். வேறு வழி இல்லை.

கிழங்கு காப்பாற்றிய காலம்

இந்த மண் ஒருமுறை சோதனைக்கு உள்ளானது. திருவிதாங்கூருக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசம் போனதும் அரிசி நின்றது. நாஞ்சில் நாடு சமஸ்தானத்தின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்றிருந்தாலும், அதன் நெல் அத்தனை பேருக்கும் போதவில்லை. அன்று அடுப்பு எரியக் காரணமாக இருந்தது விளைகளில் நின்ற மரச்சீனி. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊக்கம் கொடுத்துப் பரப்பிய பயிர் அது. அறுபது ஆண்டு கழித்துப் பஞ்ச காலத்தில் கைகொடுத்தது. இப்போது நம் ஊரில் மரச்சீனியும் மீன்குழம்பும் ஓட்டல் விசேஷமாகிவிட்டது. பழைய ஆட்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

கியூபாவில் 1991-க்குப் பிறகு சோவியத் எண்ணெயும் உரமும் வராமல் போனபோது ஹவானா நகரத்தின் காலி மனைகளில் காய்கறிப் பாத்தி போட்டார்கள். இன்றும் பல பாத்திகள் நடக்கின்றன. அவர்கள் தட்டுப்பாடு வந்த பிறகு கற்றுக்கொண்டார்கள். நம்மிடம் அந்தப் பழக்கம் முன்பே இருந்தது. நாம்தான் விட்டுவிட்டோம்.

5 சென்டில் என்ன நிற்கும்?

5 சென்ட் என்பது 2,178 சதுர அடி. வீட்டுக்கு 1,000 சதுர அடி போனால், நடைபாதை, செப்டிக் டேங்க், வண்டி நிறுத்துமிடம் எல்லாம் கழித்து 700 முதல் 800 சதுர அடி மிஞ்சும். இதில் தென்னைக்கு ஆசைப்படாதவர் நம் மாவட்டத்தில் இருக்க முடியாது. நம் சமையலுக்கு நாளொன்றுக்கு ஒரு தேங்காய் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 365. நன்றாகக் காய்க்கிற நெட்டை மரம் 80 முதல் 100 காய் தரும். முழுத் தேவைக்கு நான்கு மரம் வேண்டும்; மரத்துக்கு மரம் 25 அடி என்றால் இங்கே இரண்டுக்கு மேல் நிற்காது. இரண்டு வையுங்கள், பாதித் தேங்காய் வீட்டில் கிடைக்கும். ஈத்தாமொழி நெட்டை புவிசார் குறியீடு பெற்ற நம் இரகம். தரமான தாய் மரத்திலிருந்து எடுத்த நெற்றில் வளர்ந்த நாற்றாகப் பார்த்து வாங்குங்கள்.

மரத்தை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தில் தென்னையையும் ரப்பரையும் வாழையையும் சாய்த்த காட்சியைப் பார்த்தவர்கள், வீட்டுச் சுவரை ஒட்டித் தென்னை வைக்கமாட்டார்கள். மனையின் கடைசி மூலையில், மின்கம்பி போகாத பக்கத்தில் வையுங்கள். பக்கத்து வீட்டின் ஓட்டில் தேங்காய் விழுமா என்றும் பாருங்கள். நட்டு பத்து வருடம் கழித்து வருகிற சண்டை அது.

பலா பெரிய மரம்; 5 சென்டுக்கு ஒத்துவராது. நானே ஒரு தப்பு செய்தேன். சிறிய மனையில் பலாக்கன்றை செப்டிக் டேங்கிலிருந்து எட்டடி தள்ளி வைத்தேன். ஏழாம் ஆண்டு நல்ல காய்ப்பு வந்தது, அதே ஆண்டு தொட்டிச் சுவரில் வேரும் வந்தது. வெட்ட மனமில்லாமல் இரண்டு மழைக்காலம் தள்ளிப்போட்டு, கடைசியில் தொட்டியையே இடம் மாற்ற வேண்டியதாயிற்று. செலவை இங்கே எழுதவில்லை.

பலாவுக்குப் பதில் முருங்கை ஒன்று, கறிவேப்பிலை ஒன்று, பப்பாளி இரண்டு, எலுமிச்சையோ நாரத்தையோ ஒன்று. புளிச்சிக்காய் மரம் ஒன்று இருந்தால் மீன்குழம்புக்குப் புளி தேட வேண்டாம். சிறிய மரம், அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாகக் காய்க்கும். தென்னை வளர்ந்த பிறகு அதன் மூட்டில் நல்லமிளகு ஏற்றலாம். இரண்டு கொடி நன்றாக வந்தால் ஒரு வீட்டின் தேவை முடிந்தது.

வாழை இல்லாமல் விளை இல்லை. 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த மட்டி, கல்குளம், விளவங்கோடு பக்கத்து மண்ணில் சிறப்பாக வரும். நாகர்கோவிலுக்குக் கிழக்கே, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடிக்கிற தோவாளைப் பக்கம் உயரமான வாழை ஆனி, ஆடியில் ஒடிந்துபோகும். அங்கே வீட்டின் காற்று மறைவில், கிழக்குப் பக்கம் நடுங்கள். ஒரே சமயத்தில் ஐந்து கன்று நட்டால் ஒரே மாதத்தில் ஐந்து குலை வெட்டிப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துத் தீராது. இரண்டு மாத இடைவெளியில் ஒவ்வொன்றாக நட்டால் ஆண்டு முழுக்க வீட்டில் பழம் இருக்கும். ஒரு மூட்டில் ஒரு தாயும் ஒரு கன்றும் மட்டும் விட்டு மற்றவற்றை அரிந்துவிடுங்கள். தண்டும் பூவும் இலையும் சமையலுக்குத்தான்.

நிழல் விழுகிற இடத்தைச் சும்மா விடவேண்டாம். சேனை, காய்ச்சில், சேம்பு, மஞ்சள், இஞ்சி எல்லாம் அரை நிழலில் வருகிற பயிர்கள். மாசியில் ஒரு சேனைத் துண்டு நட்டுவைத்தால் அடுத்த தை, மாசியில் தோண்டலாம். இடையில் செய்ய வேண்டியது இரண்டு தடவை எருவும் சவறும் போடுவதுதான். மரச்சீனிக்கு மட்டும் முழு வெயில் வேண்டும். சுற்றுச்சுவர் ஓரமாக மூன்றடிக்கு ஒன்றாக எட்டுக் கம்பு நடலாம். எலி வரும், அதைச் சொல்லாமல் விட முடியாது.

மாடிக்கு ஒரு எச்சரிக்கை

மாடித்தோட்டத்துக்குத் தமிழக அரசு 2013-இல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய திட்டம் பிறகு மற்ற ஊர்களுக்கும் வந்தது. ஆனால் அதில் சொல்லப்படும் பட்டங்கள் நமக்கு அப்படியே பொருந்தா. நமக்கு இரண்டு மழை. ஆனி, ஆடியில் தென்மேற்கு, ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு. ஆடிப்பட்டம் என்று மாடியில் விதைத்தால் சாரலில் நாற்று அழுகும். மாடிக் காய்கறிக்கு நம் மாவட்டத்தில் நல்ல காலம் மார்கழிக் கடைசி முதல் சித்திரை வரை. வழுதலங்காய், வெண்டை, மிளகாய், தக்காளி, சீனி அவரைக்காய் எல்லாம் அப்போது போடலாம். மழை மாதங்களில் கீரையும் கொடிக்காயும் போதும்.

ஓர் அடி நீளம், அகலம், உயரம் உள்ள தொட்டியில் ஈர மண் மட்டுமே நிரப்பினால் 45 கிலோவுக்கு மேல் கனக்கும். ஐம்பது தொட்டி என்றால் மாடியில் இரண்டே கால் டன். மண், மக்கிய உரம், தென்னைநார்க் கழிவு மூன்றும் சம அளவு கலந்தால் பாரம் வெகுவாகக் குறையும். நார்க்கழிவு நம் ஊரில் மலிவு. ஆனால் உப்புத் தண்ணீரில் ஊறிய தொண்டின் கழிவு என்றால் செடி கருகும். நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிழிந்து பயன்படுத்துங்கள். கூரை பழையது என்றால், தொட்டிகளைச் சுவரும் தூணும் உள்ள பக்கமாக மட்டும் வையுங்கள்.

மீன் வாங்காத வீடு இங்கே குறைவு. செவுளும் குடலும் வீண் போகவேண்டாம். அதே எடை வெல்லம் சேர்த்து மூடிய டப்பாவில் 21 நாள் வைத்தால் மீன் அமிலம் தயார். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி கலந்து மாலையில் தெளியுங்கள். டப்பாவைப் பூனைக்கு எட்டாத இடத்தில் வைப்பது உங்கள் பொறுப்பு.

அடுக்களைக் கழிவில் அடுப்பு

கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கைவள அபிவிருத்தித் திட்டம் பல ஆண்டுகளாகச் சாண எரிவாயுக் கலன்கள் கட்டிக்கொடுத்து வந்தது. 2006-இல் பிரிட்டனின் ஆஷ்டன் விருது அதற்குக் கிடைத்தது. மாடு இல்லாத நகரத்து வீட்டுக்காக அவர்கள் உருவாக்கியதுதான் 'சக்தி சுரபி'. சமையலறைக் கழிவில் ஓடும் கலன்.

ஒரு கனமீட்டர் கலனுக்கு நாளொன்றுக்கு 5 கிலோ சமையல் கழிவு போட்டால், 430 கிராம் சமையல் எரிவாயுவுக்குச் சமமான வாயு கிடைக்கும். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சிலிண்டர். ஆனால் நான்கு பேர் வீட்டில் 5 கிலோ கழிவு எங்கே? ஒன்றரைக் கிலோ வந்தால் அதிகம். அந்தக் கணக்கில் ஆண்டுக்கு மூன்று சிலிண்டர் மிச்சமாகும். விற்பவர்கள் முதல் கணக்கை மட்டும் சொல்வார்கள். வாங்குபவர் இரண்டாவதை வைத்து முடிவு செய்யவேண்டும். பக்கத்தில் மாவு மில்லோ ஓட்டலோ இருந்து, கெட்டுப்போன மாவும் மிஞ்சிய சோறும் கிடைக்கும் என்றால் நிலைமை மாறும். மாவுச்சத்துத்தான் வாயுவை நன்றாகக் கொடுக்கும். கஞ்சித்தண்ணீரைக்கூட கொட்டாமல் ஊற்றுங்கள்.

முதலில் சாணக் கரைசல் நிரப்பித்தான் ஆரம்பிக்க வேண்டும். முதல் சில நாள் வருகிற வாயு எரியாது, வெளியே விட்டுவிடுங்கள். பிறகு கழிவைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். எலும்பு, முட்டைத்தோடு, தேங்காய்ச் சவுரி வேண்டாம். எலுமிச்சைத் தோலும் வெங்காயத் தோலும் அதிகம் போகக்கூடாது. கல்யாண வீட்டு மிச்சத்தை ஒரே நாளில் கொட்டினால் கலன் புளித்து நின்றுவிடும். அப்போது நான்கைந்து நாள் ஒன்றும் போடாமல், இரண்டு வாளி சாணக் கரைசல் ஊற்றிப் பொறுத்திருங்கள். பலர் இந்த இடத்தில்தான் 'இது சரிவராது' என்று மூடிவைக்கிறார்கள். வெளியே வரும் கரைசல் வாழைக்கும் தென்னைக்கும் உரம். எனக்கு வாயுவைவிட அதுதான் பெரிய இலாபமாகத் தெரிகிறது.

அதே நிறுவனத்தில் கமலாசனன் பிள்ளை முதலானோர் பரப்பியது அசோலா. இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் குழியில் தார்ப்பாய் விரித்து, சலித்த மண் 10 முதல் 15 கிலோ, 10 லிட்டர் தண்ணீரில் கரைத்த 2 கிலோ சாணம், 30 கிராம் சூப்பர் பாஸ்பேட் போட்டு, நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, அரைக் கிலோ அசோலா தூவினால் பத்துப் பதினைந்து நாளில் மூடிவிடும். அதன் பிறகு தினமும் அரைக் கிலோ அள்ளலாம். ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரு கிலோ சாணமும் 20 கிராம் சூப்பர் பாஸ்பேட்டும் சேர்க்கவேண்டும். மாடு வைத்திருப்பவர்களுக்குச் சொன்ன முறை இது. நகரத்து வீட்டில் ஐந்து நாட்டுக்கோழி இருந்தால் இதில் பாதிக் குழியே அதிகம். நாட்டுக்கோழி ஒன்று ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும். சேவல் மட்டும் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர் காலை நான்கு மணிக்கு எழும்ப விரும்புகிறாரா என்று கேட்டுக்கொண்டால் ஒழிய.

தண்ணீர்

நாகர்கோவிலுக்கு முக்கடல் அணைத் தண்ணீர். கோடையில் அது வற்றுகிற ஆண்டுகளில் குடத்தோடு நிற்பதும் பழகிவிட்டது. 1,000 சதுர அடி மொட்டைமாடியில் ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 93,000 லிட்டர். வழிந்தும் தெறித்தும் போனது கழித்து 70,000 லிட்டராவது பிடிக்கலாம். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது அனுமதிக்காகக் குழாய் மாட்டிய வீடுகளில் அந்தக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று ஒருநாள் மழையில் நின்று பாருங்கள். பல இடங்களில் தெருச் சாக்கடையில் முடியும், அங்கிருந்து பழையாறு, பிறகு மணக்குடிக் கடல். முதல் மழையை வெளியே விட்டு, அடுத்த மழையிலிருந்து சரளும் மணலும் கரியும் நிரப்பிய தொட்டி வழியாகக் கிணற்றில் விடுங்கள்.

பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்கும் சேம்புக்கும் போகட்டும். இது பழைய வழிதான். துணி துவைத்த தண்ணீரை மட்டும் ஒரே செடிக்குத் தினமும் விடாதீர்கள். சோப்பு உப்பு சேர்ந்து மண் இறுகும். கல்வாழை நட்ட ஒரு மணல் வாய்க்காலில் ஓடவிட்டு, தென்னைக்கு மாற்றி மாற்றி விடுங்கள்.

இந்த ஆண்டு ஆரம்பிப்பவர்கள் குழியை வைகாசிக்குள் தோண்டி ஆறப்போடுங்கள். அணை திறந்து கன்னிப்பூ நடவு நடக்கும் அதே ஆனி மாதத்தில் மரக்கன்றுகளையும் வாழையையும் நட்டுவிடலாம். மழையே தண்ணீர் ஊற்றும். காய்கறி விதையும் கன்றும் பற்றிய விவரத்துக்குத் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தையும், பழ மரங்களுக்குப் பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தையும் கேட்கலாம். சேனைக்கும் காய்ச்சிலுக்கும் எங்கேயும் போகவேண்டாம். கும்பப்பூ அறுப்புக்கு ஊருக்கு வருகிற பிள்ளையின் கையில் அரிசிச் சாக்கோடு இரண்டு விதைக்கிழங்கும் கொடுத்தனுப்புங்கள்.